வடசென்னையில் ஏரியா செய்தி: தாள், வாட்ஸ்அப், யூடியூப் — எது தாக்குப்பிடிக்கும்?

தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ இரண்டு மூன்று வார்டுக்கு மட்டும் செய்தி கொடுக்க நினைப்பவருக்கு இன்று மூன்று வழிகள் உண்டு: மடித்த நாலு பக்கத் தாள், வாட்ஸ்அப், யூடியூப். செய்தி எதிலும் ஒன்றுதான். தண்ணி வரவில்லை, வந்த தண்ணியில் சாக்கடை கலந்திருக்கிறது, கரன்ட் எப்போது போகும், கன்டெய்னர் லாரி எந்த ரோட்டை அடைத்து நிற்கிறது. வேகம், வரும்படி, வம்பு மூன்றும்தான் வழிக்கு வழி மாறும்.

வேகத்தில் வாட்ஸ்அப்பை மிஞ்ச எதுவுமில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தபோது, மக்களுக்குத் தேவைப்பட்டது எந்தப் பக்கம் நகர வேண்டும் என்ற ஒரே தகவல். தாள் அப்போது அச்சகத்துக்குக்கூடப் போயிருக்காது. வீடியோவை எடிட் செய்து ஏற்றுவதற்குள் தெருவே காலியாகிவிடும். அந்த நேரத்துக்கு 40 நொடிக் குரல் பதிவு போதும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பெரியவர்களுக்கும், தமிழ் பேசுவார்கள் ஆனால் வாசிக்க வராது என்கிற தெலுங்கு, இந்தி வீடுகளுக்கும் குரல்தான் எட்டும்.

இதில் குரூப் வேறு, சேனல் வேறு. குரூப்பில் 1,024 பேருக்கு மேல் சேர முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல், எல்லோர் நம்பரும் எல்லோருக்கும் தெரியும். சேர்ந்த மறுநாளே தெரியாத ஆள் மெசேஜ் அனுப்பினால் பெண்கள் சத்தமில்லாமல் விலகிவிடுவார்கள். மிச்சமிருப்பது கட்சிக்காரர்கள் சண்டையும் குட்மார்னிங் படமும் லோன் விளம்பரமும். அதற்கு நடுவில் தண்ணி லாரி வரும் நேரத்தை யார் தேடுவது? சேனலில் ஆள் வரம்பு கிடையாது, நம்பர் வெளியே தெரியாது, நீங்கள் மட்டும்தான் பேசலாம். அதனால் தகவல் வாங்குவதற்குத் தனி சிம்மில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டு, அனுப்புகிறவர்களை வார்டு வாரியாக லேபிள் செய்து வைக்க வேண்டும். சேனலில் போட்டது 30 நாளுக்கு மேல் அங்கே இருக்கும் என்று நம்பாதீர்கள். படமும் வரியும் தேதியோடு தனி ஃபோல்டரில் இருந்தால்தான், அடுத்த மழையில் "இதே பள்ளத்தைப் போன வருஷமே சொன்னோம்" என்று மண்டல அலுவலகத்தில் காட்ட முடியும். அட்மின் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் போன் தொலைந்தால் இன்னொருவர் நடத்தலாம்.

ஆனால் வாட்ஸ்அப்பில் காசு பெயராது. சேனலில் விளம்பரம் கேட்டுப் போனால், "நானே ஸ்டேட்டஸ் வைக்கிறேனே சார், உங்களுக்கு எதுக்குக் காசு" என்பார் கடைக்காரர். அவர் கணக்கு சரிதான்.

காசு தாளில்தான் இருக்கிறது. அதற்கு டேப்ளாய்டு சைஸ், மல்டிகலர் எதுவும் வேண்டாம். ஏ3 தாள் ஒன்றை இருபக்கமும் ஒரே கலரில் அடித்து மடித்தால் ஏ4 அளவில் நாலு பக்கம். 2,000 பிரதிக்கு நாலு ரீம் (ரீமுக்கு 500 தாள்). வேஸ்டேஜுக்கு நூறு தாள் கூடுதலாக வாங்குங்கள். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாளில் மொத்த எடை 17.5 கிலோ அளவுக்கு வரும், ஒரு ஸ்கூட்டர் நடையில் முடியும். பேப்பரை ஆண்டர்சன் தெருவில் நீங்களே வாங்கிக் கொடுத்தால், அச்சகத்தில் அச்சுக்கூலி மட்டும் பேசலாம்.

தினசரிக்குள் செருகி அனுப்புவது அடுக்குமாடிப் பகுதிகளுக்குப் பொருந்தும். ராயபுரம் சந்துகளிலும் வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலும் பேப்பர் வாங்காத வீடுகள் நிறைய, செருகுக்கூலி வீண். டீக்கடை, சலூன், மாவு மில், டிபன் கடை என்று 60 இடம் பிடித்து ஆளுக்கு 30 பிரதி வையுங்கள். சலூனில் கிடக்கும் ஒரு பிரதியைப் பத்துப் பேர் புரட்டுவார்கள். மிச்சம் 200 பிரதி விளம்பரதாரர்களுக்கும் அலுவலகங்களுக்கும்.

விலை வைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பேப்பர், அச்சு, விநியோகம் மூன்றின் செலவும் கடைசிப் பக்க விளம்பரத்திலேயே வந்துவிட வேண்டும். உள்பக்கத்து வாடகைக்கு வீடு, டியூஷன், ஆள் தேவை வரிகள்தான் உங்கள் கூலி. காசு வாங்கிய பிறகே டிசைன். "அடுத்த இதழுக்குச் சேர்த்துத் தர்றேன்" என்கிற பாக்கி மூன்று இதழ் ஏறினால், அச்சகக்காரருக்கு நீங்கள் பாக்கி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டை நம்பிய ஐஸ் கடை, வலைக்கடை, மெஸ் யாரிடமும் அப்போது கை நீட்டாதீர்கள். பள்ளி சேர்க்கையையும் டியூஷனையும் பிடியுங்கள். எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளுக்கு ஆடியும் தீபாவளியும். கவுன்சிலர் பிறந்தநாள் வாழ்த்து சுலபமான காசு, ஆனால் வரிசையாக மூன்று முறை போட்டால் கழிவுநீர் புகார் சொல்ல யாரும் உங்களிடம் வரமாட்டார்கள்.

வாரத்துக்கு ஒருமுறை என்று அறிவிக்காதீர்கள், மாதம் இருமுறை போதும். தேதி தவறிய தாளுக்கு விளம்பரம் இரண்டாம் முறை கிடைக்காது. 2024 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்த 2023-ஆம் ஆண்டுப் பத்திரிகைப் பதிவுச் சட்டப்படி, தலைப்புப் பதிவு மத்திய அரசின் பிரஸ் சேவா தளத்தில் ஆன்லைனில் நடக்கிறது. அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் பெயர் தாளில் இருக்க வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. தாண்டினால் அச்சு விளம்பர இடத்துக்கு 5 சதவீதம், டிஜிட்டலுக்கு 18.

யூடியூப் வெளியூருக்கான வழி. விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரரும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அந்த 4,000 மணி நேரம் இல்லையென்றால், 90 நாளில் ஷார்ட்ஸ் என்கிற குட்டி வீடியோக்களுக்கு ஒரு கோடிப் பார்வை. ஏரியா செய்தி இயல்பிலேயே குட்டி வீடியோ. ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்த நேரம் அந்த 4,000-இல் சேராது. மதுரையில் ஒருவர் உங்கள் வீடியோவைப் பார்ப்பதால் கொருக்குப்பேட்டை மளிகைக்கடைக்கு ஒரு பைசா லாபமில்லை. அந்தக் கடைக்காரர் விளம்பரம் தரமாட்டார். பார்வை கூட வேண்டுமென்றால் வெட்டுக்குத்து, ரவுடி என்று தம்ப்நெயில் போடச் சொல்லும் மனசு. சினிமாக்காரர்கள் வடசென்னைக்குப் பூசியதையே நாமும் பூசுவதற்கு ஏரியா செய்தி எதற்கு? எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்தது, ஆலைப் புகை, கொடுங்கையூர் குப்பைமேட்டுத் தீ போல அதிகாரிகள் மறுக்கக்கூடியவற்றுக்கு மட்டும் வீடியோ எடுங்கள். அங்கே அது சாட்சி. கடல் காற்றில் போன் மைக் இரைச்சலை மட்டுமே பதியும், காலர் மைக்கும் பஞ்சுறையும் அவசியம்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் எடுத்த நேர விவரம் அழிந்துவிடும். 'டாகுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். மழை நாளில் வரும் படங்களில் 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் எடுத்த பழைய படங்கள் கட்டாயம் இருக்கும். நேரு நகர், அண்ணா நகர் என்ற பெயர்கள் ஊருக்குள் பல; வார்டு எண்ணும் தெருவும் இல்லாத செய்தியைப் போடாதீர்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர், குற்றத்தில் சிக்கிய சிறுவர் இவர்களின் பெயர், முகம், வீட்டு அடையாளம் எதையும் எந்த வழியிலும் வெளியிடச் சட்டம் விடாது.

இரண்டு பேர் மட்டும் இருந்தால் முதல் மூன்று மாதம் வாட்ஸ்அப் சேனல் ஒன்றே போதும். எல்லா வார்டிலிருந்தும் கேட்காமலே தகவல் வர ஆரம்பித்ததும் தாளைத் தொடங்கி, முதல் பக்க மூலையில் சேனலின் க்யூஆர் கோடையும் பக்கத்திலேயே மாநகராட்சிப் புகார் எண் 1913-ஐயும் அச்சிடுங்கள்.