பீட்டா மெதுவா ஏறுதா? திரும்பத் திரும்ப ரத்தம் கொடுக்கறதா, ஸ்கேன் வரைக்கும் பொறுக்கறதா

நாள் தள்ளிப் போய் கார்டுல ரெண்டு கோடு வந்து, டாக்டர் பீட்டா எச்சிஜி (ரத்தத்துல கர்ப்ப ஹார்மோன் எவ்வளவு இருக்குனு பாக்கற டெஸ்ட்) எழுதிக் கொடுத்து, ரெண்டு நாள் கழிச்சு மறுபடி எடுத்தா ரெண்டு மடங்கு ஆகல, அன்னைக்கு ராத்திரியில இருந்து தூக்கம் போச்சு. அந்த நிலைமையில இருக்கற பொண்ணுங்களுக்காகத்தான் இதை எழுதறேன். எனக்கு ரெண்டு கர்ப்பத்துலயும் பீட்டா மெதுவாத்தான் ஏறுச்சு. முதல் கரு நிக்கல. ரெண்டாவது இப்ப எட்டு மாசக் குழந்தை, பக்கத்துல தூங்குது. முதல் தடவை பீட்டா பின்னாடியே ஓடினேன், ரெண்டாவது தடவை ஸ்கேனுக்குக் காத்திருந்தேன், அதனால ரெண்டோட பாடும் எனக்குத் தெரியும்.

கார்டு டெஸ்ட்டை முதல்லயே ஒதுக்கிடலாம். கர்ப்பம் இருக்கா இல்லையானு சொல்றதோட அதோட வேலை முடிஞ்சுது. தினமும் காலையில கார்டு வச்சு நேத்தைவிட கோடு அழுத்தமா இருக்கானு ஜன்னல் வெளிச்சத்துல பாக்கறது வேண்டாம் கண்ணுங்களா, தண்ணி கொஞ்சம் கூடக் குடிச்சாலே கோடு வெளுத்துரும்.

அடுத்து பீட்டா. 48 மணி நேரத்துல ரெண்டு மடங்கு ஆகணும்னுதான் எல்லாரும் சொல்றாங்க, எங்க அத்தையில இருந்து லேப்ல ரத்தம் எடுக்கற பொண்ணு வரைக்கும். ஆனா அமெரிக்க மகப்பேறு டாக்டர்கள் சங்கத்தோட 2018 வழிகாட்டுதல்ல கணக்கு வேற. முதல் ரீடிங் 1500க்கு கீழ இருந்தா ரெண்டு நாள்ல குறைஞ்சது 49 சதவீதம் ஏறணும், 1500ல இருந்து 3000னா 40, அதுக்கும் மேலன்னா 33 சதவீதம் போதும். என் ரெண்டாவது கர்ப்பத்துல 142, அப்புறம் 232. ரெண்டு மடங்கு இல்லதான், ஆனா 63 சதவீதம் ஏறியிருக்கு, அது சரியான ஏத்தம்னு டாக்டர் பேப்பர்ல போட்டுக் காட்டினப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு. முதல் கர்ப்பத்துல 186ல இருந்து 262, வெறும் 41 சதவீதம். அது கவலைப்பட வேண்டிய நம்பர்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன், ஆனா அதை மட்டும் வச்சு கரு போயிடுச்சுனு யாரும் முடிவு கட்டக்கூடாது.

அந்த முதல் தடவை நான் பண்ண தப்பு லேப்பை மாத்தினது. ஏற்காட்ல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வரணும், குமட்டல் வேற, சரி மூணாவது டெஸ்ட்டை மேலயே ஒரு சென்டர்ல கொடுத்துடலாம்னு கொடுத்தேன், 318னு வந்துச்சு. அன்னைக்கு வீடே எழவு வீடு மாதிரி ஆயிடுச்சு. மறுநாள் பழைய லேப்லயே எடுத்தா 410. ஒவ்வொரு லேப் மெஷினும் ஒவ்வொரு மாதிரி காட்டும், ஒரு லேப் நம்பரை இன்னொரு லேப் நம்பரோட ஒப்பிடவே கூடாதுனு யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா அந்த ஒரு ராத்திரியாவது மிஞ்சியிருக்கும். இன்னொண்ணு, சில டாக்டருங்க எச்சிஜி ஊசியே போடறாங்க, அது போட்ட கொஞ்ச நாளைக்கு ரத்தத்துல ஊசி மருந்தும் சேர்ந்து தெரியும், அதனால போட்ட தேதியைக் கட்டாயம் சொல்லுங்க. பீட்டா 6000 தாண்டிட்டா இயல்பாவே ஏத்தம் மந்தமாயிடும், அதுக்கப்புறம் ரெண்டு மடங்கு கணக்குப் பாக்கறதுல அர்த்தமே இல்ல.

அப்ப பீட்டா எதுக்குத்தான்? கரு கர்ப்பப்பையில இல்லாம ட்யூப்ல, அதாவது கருக்குழாயில, தங்கியிருக்குமோங்கற சந்தேகத்துக்கு. நூறு கர்ப்பத்துல ஒண்ணு ரெண்டு அப்படி ஆகும், மெதுவா ஏறுற நம்பர் அதுக்கு ஒரு அறிகுறி. சில சமயம் ட்யூப் கர்ப்பத்துலயும் பீட்டா நல்லா ஏறும், அதனால நம்பர் நல்லா இருக்கேனு வலியை அலட்சியம் பண்ணாதீங்க. ஒரு பக்கமா அடிவயித்து வலி, தோள்பட்டை நுனியில வலி, தலைசுத்தல், மயக்கம், ரத்தக்கசிவு, இதுல எது வந்தாலும் ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் 108க்கு போன் பண்ணுங்க. இந்த விஷயத்துல பொறுத்துப் பாக்கறதுக்கு இடமே கிடையாது.

இப்ப ஸ்கேன். உள்வழி ஸ்கேன்ல (பிறப்புறுப்பு வழியா எடுக்கறது) அஞ்சாவது வாரத்துல சாக், அதாவது கரு வளர்ற பை, தெரியும், அஞ்சரை வாரத்துல அதுக்குள்ள யோக் சாக்னு ஒரு சின்னப் பை, ஆறு வாரத்தை ஒட்டி ஹார்ட் பீட். பீட்டாவால கரு எங்க இருக்குனு சொல்ல முடியாது, ஸ்கேன் சொல்லும், என்னைப் பொறுத்தவரைக்கும் அதுக்காகவே ஸ்கேன்தான் மேல. கஷ்டம் என்னன்னா சீக்கிரம் போனா ஒண்ணுமே தெரியாது, தெரியலைன்னா இன்னும் பயம். பீட்டா 3500 தாண்டியும் கர்ப்பப்பையில ஒண்ணுமே காணோம்னா உஷாராகணும். பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருந்து கருமுட்டை லேட்டா வெளிய வந்திருந்தா வாரக்கணக்கே தப்பா இருக்கும், அதையும் சொல்லிடுங்க. ஹார்ட் பீட் இல்லைன்னு சொன்னா கரு எத்தனை மில்லிமீட்டர்னு கேளுங்க. 7 மில்லிமீட்டர் இருந்தும் துடிப்பு இல்லைன்னாதான் உறுதி, உள்ள கருவே இல்லாத வெறும் சாக்னா 25 மில்லிமீட்டர். அதுக்கு கீழன்னா ஒரு வாரமோ பத்து நாளோ விட்டு இன்னொரு ஸ்கேன் பார்க்காம கருவை வெளியேத்தற மாத்திரை போட ஒத்துக்காதீங்க. என் முதல் கருவுக்கு ரெண்டாவது ஸ்கேன்லதான் உறுதியாச்சு. அழுதேன், ஆனா அவசரப்பட்டுட்டோமோங்கற சந்தேகம் இன்னிக்கு வரைக்கும் வந்ததில்ல.

கர்ப்பத்தைத் தாங்கற ஹார்மோனான ப்ரோஜெஸ்ட்ரோன் டெஸ்ட்டும் சிலர் எடுக்கச் சொல்வாங்க. 5க்கு கீழ ரொம்பக் கம்மின்னா நல்ல அறிகுறி இல்ல, 20க்கு மேலன்னா ஆறுதல், நடுவுல வந்தா ஒண்ணும் புரியாது, எனக்கு நடுவுலதான் வந்துச்சு. ப்ரோஜெஸ்ட்ரோன் மருந்து எல்லாருக்கும் உதவுமான்னா, 2019ல இங்கிலாந்துல 4,000 பேருக்கு மேல சேர்த்துப் பண்ண பிரிசம் ஆய்வுல மொத்தமாப் பாத்தா பெரிய வித்தியாசம் இல்ல, முன்னாடி கரு கலைஞ்சு இப்பவும் ரத்தக்கசிவு இருக்கறவங்களுக்குத்தான் பலன் தெரிஞ்சுது. அப்படி இருந்தா டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க.

மலை ஏறி இறங்குனதாலதான் போச்சுனு சொந்தக்காரங்க சொன்னது எனக்கு ரொம்ப நாள் நெஞ்சுல கிடந்துச்சு. அது பொய். ஆரம்பத்துல கலையற கருவுல பாதிக்குப் பக்கம் குரோமோசோம் கோளாறு, பஸ்ஸும் வளைவும் அதுக்குக் காரணம் இல்ல.

ரெண்டையும் அனுபவிச்சதுல நான் சொல்றது இதுதான்: ஒரே லேப்ல ரெண்டு பீட்டா, டாக்டர் கேட்டா மூணாவது, அதோட நிறுத்திட்டு ஸ்கேன் தேதிக்குக் காத்திருங்க. அஞ்சு தடவை குத்திக்கிட்டதால முதல் கருவுக்கு ஒரு நன்மையும் நடக்கல. நம்ம மலை ஊர்ல இருக்கறவங்க ஸ்கேன்ல கரு உள்ளதான் இருக்குனு தெரியற வரைக்கும் முடிஞ்சா கீழயே தங்கிடுங்க, வலி வந்தா வளைவு இறங்கற நேரம்கூட மிச்சம். நான் ரெண்டாவது தடவை சேலம் அஸ்தம்பட்டியில சித்தி வீட்ல ஒம்பது நாள் இருந்தேன், பத்தாவது நாள் ஆட்டோல போய் ஸ்கேன் ரூம்ல படுத்தேன், அந்தச் சின்னத் துடிப்பை ஸ்க்ரீன்ல முதல்ல பார்த்தது சித்திதான்.