பருத்தித் தாள் என்று சொல்லித் தடித்த அட்டையைத் தலையில் கட்டினார்கள்

புகைப்படங்களை அருங்காட்சியகத் தரத்தில் அச்சிட்டுத் தருவதாகச் சொல்லிக்கொள்ளும் இணையச் சேவை ஒன்றிடம் அரை மாதச் சம்பளத்தைப் பறிகொடுத்திருக்கிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. பார்சலைப் பிரித்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, எப்படித் தப்பிப்பது என்பதையும் விரிவாக எழுதுகிறேன்.

மறைந்த பாட்டியை நான் எடுத்த படங்கள். பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. அண்ணனுக்கும் தங்கைகளுக்கும் ஆளுக்கு ஒரு தொகுப்பு கொடுக்க நினைத்தேன். பணம் கட்டுவதற்கு முன் அந்தச் சேவையின் எண்ணுக்கு அழைத்துப் பேசினேன். என்னை விழவைத்தது அந்தப் பேச்சுதான். எடுத்தவுடன் அங்கே பேசிய மனிதர், "கோப்புகள் எஸ்ஆர்ஜிபியா, அடோபி ஆர்ஜிபியா?" என்று கேட்டார். கோப்பில் வண்ணங்களைக் குறிக்கும் இந்த இரண்டு முறைகளில் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் வண்ணம் மாறிப்போகும் என்று தெரிந்தவர் மட்டுமே கேட்கும் கேள்வி அது. என் படம் 6000-க்கு 4000 பிக்சல் என்றதும், "18 அங்குல நீளத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிக்கு மேலேயே கிடைக்கும், கவலையே வேண்டாம் சார்" என்று மனக்கணக்கில் சொன்னார். கணக்கும் சரி. பிக்மென்ட் மை (கரையாத நிறமித் துகள்கள் கொண்டது), அமிலமற்ற பருத்தித் தாள், பல பத்தாண்டுகள் மங்காது என்றார். மாதிரித் துண்டுகளையும் அனுப்பிவைத்தார். அவை உண்மையிலேயே அருமையாக இருந்தன. அரை மாதச் சம்பளத்தை முழுதாக முன்பணமாகக் கட்டினேன்.

வந்தது வேறு சரக்கு. தடிமன் இருந்தது, பளபளப்பு இல்லை, தூரத்திலிருந்து பார்த்தால் மோசமில்லை. ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தபோதுதான், பாட்டியின் கூந்தலும் நிழலும் மட்டும் மெழுகு பூசியதுபோல் மினுங்க, வெள்ளைப் பகுதி மந்தமாகக் கிடந்தது தெரிந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். புள்ளிகள் வரிசை கட்டி நின்றன. நல்ல இங்க்ஜெட் அச்சில் மைத்துளிகள் மிக நுண்ணியதாக, ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும்; மாதிரித் துண்டில் அப்படித்தான் இருந்தது. ஓரத்தை லேசாக வளைத்தேன், கறுப்பு வெடித்து வெள்ளைக் கீறல் விழுந்தது. டோனர், அதாவது மைக்குப் பதிலாகச் சூடாக்கித் தாளில் ஒட்டவைக்கும் பொடி! அலுவலக லேசர் இயந்திரத்தின் பெரிய அண்ணன் ஒன்றில், தடித்த அட்டையில் ஓட்டி அனுப்பியிருக்கிறார்கள். கறுப்பு வெள்ளையும் கறுப்பு வெள்ளையாக இல்லை. பாட்டியின் கன்னத்தில் பச்சை படர்ந்திருக்கிறது. இது போதாதென்று, 12-க்கு 18 அங்குலத் தாளுக்கும் என் கேமராப் படத்துக்கும் விகிதம் ஒன்றே, 3:2. வெட்டுவதற்குத் தேவையே இல்லை. ஆனாலும் உச்சந்தலையை வெட்டியிருக்கிறார்கள்.

அதன்பிறகு நடந்ததுதான் வயிற்றெரிச்சல். அதே எண்ணுக்கு அழைத்தால் அந்த மனிதர் கிடைக்கவில்லை. "அவர் விற்பனைப் பிரிவு, நாங்கள் சேவைப் பிரிவு" என்றாள் ஒரு பெண். முதல் பதில், "உங்கள் திரையின் வெளிச்சம் அதிகம், அதனால் அச்சு மாறித் தெரிகிறது." திரை வெளிச்சத்தால் அச்சு இருட்டாகத் தோன்றுவது உண்டுதான். திரையின் வெளிச்சம் தாளை அட்டையாக மாற்றுமா? அடுத்து, குறையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். உருப்பெருக்கியில் மட்டுமே தெரியும் புள்ளியை, அனுப்பும்போதே சுருக்கிப் பிசைந்துவிடும் செயலியில் அனுப்ப வேண்டுமாம். அனுப்பினேன். "படத்தில் குறை எதுவும் தென்படவில்லை" என்று பதில். பின்பு, தனிப்பட்ட முறையில் தயாரித்த பொருளைத் திரும்பப் பெற விதியில் இடமில்லை என்றார்கள். என் புகாரை 'தீர்க்கப்பட்டது' என்று குறித்து மூடியும்விட்டார்கள். அரை மாதச் சம்பளத்துக்கு ஈடாக, அடுத்த ஆர்டரில் தள்ளுபடி தருவார்களாம்.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். கோபத்தில் அவ்வளவு பொறுமை இல்லை. தாளின் பெயர், எடை, மையின் வகை, எந்த இயந்திரம் என்பதை எழுத்தில் வாங்குங்கள்; தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. அந்தத் தாளில் வண்ணம் எப்படி விழும் என்பதைக் குறிக்கும் ஐசிசி ப்ரொஃபைல் என்ற கோப்பைக் கேளுங்கள், தர மறுப்பவரிடம் அந்தத் தாளே இருக்குமா என்பது சந்தேகம். அவர்கள் அனுப்பும் மாதிரியை நம்பாதீர்கள். உங்கள் கோப்பில் ஒன்றை மட்டும் முதலில் அச்சிட்டு வாங்கி, ஓரத்தில் வளைத்துப் பாருங்கள். முழுத் தொகையை முன்னால் கட்டாதீர்கள். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள்.

வங்கி அட்டை வழியாகப் பணம் கட்டியதால் வங்கியில் முறையிட்டிருக்கிறேன். மாதிரித் துண்டையும் வந்த அச்சையும் பக்கத்தில் வைத்து உருப்பெருக்கி வழியாக எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். அரை மாதச் சம்பளம் திரும்பி வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.