டீசல் கெப்பில் வெக்யூம் கசிவு: மலைநாட்டில் கைப்பம்பும் கேஜும், ஆறு வருடப் பாவனை

நுவரெலியாவில் நிற்கும் டீசல் கெப்பின் வெக்யூம் பம்பில் (பிரேக் பெடலுக்கு உதவக் காற்றை இழுத்தெடுக்கும் பம்ப்) வெக்யூம் அளக்கும் கேஜைப் பூட்டினால் முள் 20, 21 இஞ்சில் நின்றுவிடும். சர்விஸ் புத்தகத்தில் 26 என்று இருக்கும். பம்ப் தேய்ந்துவிட்டதென்று, அது பூட்டியிருக்கும் அல்டர்னேட்டரோடு கழற்றி வேறொன்று போடுவார்கள். அதுவும் 20தான் காட்டும்.

பம்பில் பிழை இல்லை, உயரம்தான் காரணம். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 30 இஞ்ச் பாதரசம். நுவரெலியாவின் 1868 மீற்றர் உயரத்தில் அது 24 இஞ்சுக்கு இறங்கிவிடுகிறது. இல்லாத காற்றை எந்தப் பம்பாலும் இழுக்க முடியாது. புத்தகத்து அளவில் 300 மீற்றருக்கு 1 இஞ்ச் வீதம் கழித்துக்கொண்டால் போதும்: நுவரெலியாவுக்கு 6, ஹட்டனுக்கு 4, கண்டிக்கு 2க்குச் சற்றுக் குறைவு.

பிரேக்குக்கும் இதே கணக்குத்தான். பெடலின் விசையைக் கூட்டும் பூஸ்டரின் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் வெக்யூம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பெடலுக்கு உதவுகிறது. கொழும்பில் 26 இஞ்ச் கிடைக்கும் வண்டிக்கு இங்கே 20 என்றால், உதவியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்கெனவே போய்விட்டது. கீழ்நாட்டில் யாருக்கும் தெரியாமல் கிடக்கும் 4 இஞ்ச் கசிவு, மரக்கறி ஏற்றி றம்பொடை வளைவுகளில் இறங்கும்போது பெடலைக் கல்லாக்கிவிடும். ஆகவே முள் எவ்வளவு ஏறுகிறது என்பதைவிட, ஏறிய இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையே நம்ப வேண்டும். அதற்குத்தான் கையால் அழுத்தி வெக்யூம் இழுக்கும், கேஜ் பூட்டிய கைப்பம்ப்.

ஆறு வருடத்தில் உலோக உடல் கொண்ட கைப்பம்ப்தான் தாக்குப்பிடித்தது. பிளாஸ்டிக் பம்புகள் ஹோஸ் மாட்டும் முனையிலேயே வெடிக்கின்றன. உலோகப் பம்பிலும் உள்ளே இருக்கும் ரப்பர் கப் காய்ந்துபோகும். அதற்கு ஒரு சொட்டு சிலிக்கன் ஒயில் விட வேண்டும். எஞ்சின் ஒயில் விட்டால் சில வகை ரப்பர் ஊதிப்போகும். கேஜ் கீழே விழுந்தால் முள் பூச்சியத்துக்குத் திரும்பாது. அப்படியானதை வைத்து அளக்கவே கூடாது. வேலையைத் தொடங்கும் முன் கைப்பம்பின் வாயை மூடி 15 இஞ்சுக்கு இழுத்து 5 நிமிடம் வைத்து, முள் இறங்குகிறதா என்று பாருங்கள். பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் இணைப்புகளையும் இப்படியே ஒவ்வொன்றாகப் பாருங்கள். இல்லாவிட்டால் கசிவது வண்டியா, நம் கையிலிருக்கும் இணைப்பா என்று தெரியாமல் அரை நாள் போய்விடும்.

கருவி எடுக்கும் முன் காலால் ஒரு சோதனை. சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது பெடலை ஐந்தாறு தடவை மிதித்து இறுக்கமாக்கி, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றுக் கீழே போக வேண்டும். அடுத்து, ஓடும் எஞ்சினில் பெடலை மிதித்தபடி எஞ்சினை நிறுத்தி 30 விநாடி பிடியுங்கள். பெடல் காலை மேலே தள்ளினால் பூஸ்டரிலோ அதன் செக் வால்விலோ (காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) கசிவு. மிதிக்கும்போது காலடியில் ஸ்ஸ் என்ற சத்தம் ஓயாமல் வந்தால் பூஸ்டரின் உள்வால்வு அல்லது டயபிராம் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) போயிருக்கிறது.

கேஜை முதலில் வண்டியின் வெக்யூம் பம்பின் வாயில் நேரடியாகப் பூட்டுங்கள். உயரத்துக்கு உரிய அளவு வந்தால் பம்ப் நல்லது, இனி அந்தப் பக்கம் போக வேண்டாம். பிறகு கேஜையும் இணைத்தபடியே ஹோஸ்களைத் திரும்பப் பூட்டி, கிளைகளை ஒவ்வொன்றாக அடைத்து, எதை அடைத்தவுடன் முள் ஏறுகிறது என்று பாருங்கள். அடைக்க ரப்பர் மூடியே நல்லது. பழைய ஹோஸைக் குறட்டால் நசுக்கினால், இல்லாத கசிவும் அங்கே உண்டாகும். பெற்றோல் எஞ்சினில் செய்வது போல ஸ்பிரே அடித்து எஞ்சின் சத்தம் மாறுகிறதா என்று பார்ப்பது இங்கே உதவாது. இந்த வெக்யூம் எஞ்சின் காற்றிழுக்கும் இன்டேக்கிலிருந்து வருவதில்லை, பம்பிலிருந்து வருகிறது. சவர்க்கார நீரும் குமிழி விடாது, உள்ளே இழுபட்டுப் போகும். ஒரு முழ நீள ஹோஸின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மறுநுனியை மூட்டுகளின் பக்கம் மெதுவாகக் கொண்டுபோனால் இடம் பிடிபடும். பெல்ட்டும் விசிறியும் சுற்றுகின்றன, கவனம்.

அதிகம் தவறவிடப்படும் அடையாளம் ஒன்று உண்டு. பம்ப் தான் இழுத்த காற்றை, ஒயில் திரும்பிப் போகும் வழியாக எஞ்சினுக்குள் தள்ளுகிறது. பெரிய கசிவு இருந்தால் அந்தக் காற்று முழுவதும் எஞ்சினின் பிரீதரில் (உள்ளே சேரும் காற்று வெளியேறும் வழி) வந்து ஊதும். பார்ப்பவர் பிஸ்டன் ரிங் போய்விட்டதென்று எஞ்சினை இறக்கச் சொல்வார். அதற்கு முன் பம்பின் வெக்யூம் வாயை ஒரு நிமிடம் அடைத்துப் பாருங்கள். பிரீதர் ஊதுவது குறைந்தால், ஒரு ஹோஸை மாற்றினாலே முடியும் வேலை அது. ரிங் வேலைக்குப் பணம் கட்டும் முன் ஒவ்வொரு உரிமையாளரும் இதைக் கேட்டுச் செய்விக்க வேண்டும்.

செக் வால்வைக் கழற்றி வாயால் ஊதினால் பூஸ்டர் பக்கத்திலிருந்து பம்ப் பக்கத்துக்கு மட்டும் காற்றுப் போக வேண்டும். ஒயில் படிந்து பாதி திறந்தபடி ஒட்டிக்கொள்வதுதான் அதன் வழக்கமான நோய். அதே நேரம் பூஸ்டர் ஹோஸைக் கழற்றி, கம்பியில் வெள்ளைத் துணி சுற்றி பூஸ்டரின் அடிவரை விட்டுப் பாருங்கள். துணி பிரேக் ஒயிலில் நனைந்து வந்தால் மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் போயிருக்கிறது. வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் பிரேக் ஒயில் குறையும் வண்டிகளில் முதலில் இதைப் பாருங்கள்.

ஈஜிஆர் (புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் வால்வு) டயபிராம், வெக்யூமால் இயங்கும் டர்போ அக்சுவேட்டர் (டர்போவைக் கட்டுப்படுத்தும் இயக்கி), சில ஹைலக்ஸ் மாடல்களில் முன் டிஃபரன்சியலில் இருக்கும் அக்சுவேட்டர் ஆகியவற்றுக்குக் கைப்பம்பால் 15 இஞ்ச் கொடுத்து ஒரு நிமிடம் பாருங்கள். முள் அசையக் கூடாது. முன் டிஃபரன்சியலில் இரண்டு முனை உண்டு, இரண்டையும் தனித்தனியே பாருங்கள். சேறு படும் இடமாதலால் முதலில் போவது அதன் ஹோஸ்தான். காற்றழுத்தத்தால் இயங்கும் டர்போ வேஸ்ட்கேட்டுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

ஹோஸ் வாங்கும்போது மலிவு பார்க்க வேண்டாம். பூஸ்டருக்குப் பிரேக் வெக்யூம் ஹோஸே போட வேண்டும். ஹீட்டர் ஹோஸ் சூட்டில் இளகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். வர்ண வர்ணமான மெல்லிய சிலிக்கன் ஹோஸ் பம்பிலிருந்து வரும் ஒயில் ஆவியில் ஊறி விரியும். பழைய ஹோஸின் நுனி மட்டும் வெடித்திருந்தால், நீளம் போதுமானால் 1 சென்ரிமீற்றர் வெட்டிவிட்டு மீண்டும் மாட்டலாம். தை, மாசிக் குளிரில் காலையில் மட்டும் கசிந்து, எஞ்சின் சூடானதும் மறையும் கசிவுகள் பெரும்பாலும் இறுகிப்போன இந்த நுனிகளில்தான். அதனால் சோதனையை விடியற்காலையில், எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன்பே தொடங்குங்கள். மரக்கறி ஏற்றும் வண்டிகளில் எலி கடித்த இடங்களையும் பாருங்கள்.

பம்பே போயிருந்தால், புதியதையோ ரீகண்டிஷன் செய்ததையோ பூட்டும் முன் ஒயில் வரும் துவாரத்தில் சிறிதளவு எஞ்சின் ஒயில் விட்டு, கையால் சில சுற்று சுற்றிவிடுங்கள். வறண்டு சுற்றினால் உள்ளே இருக்கும் தகடுகள் முதல் நிமிடத்திலேயே கீறிவிடும். ஒயில் திரும்பும் ஹோஸையும் கூடவே மாற்றுங்கள். அது அடைத்திருந்தால் ஒயில் சீலைத் தள்ளிக்கொண்டு அல்டர்னேட்டருக்குள் இறங்கும், சார்ஜ் விளக்கு எரியத் தொடங்கும்.