ஒரே ரிக், 11 ஆண்டு, 1,180 ஜம்ப்: எது உழைத்தது, எது தேய்ந்தது

புதிதாக ஸ்கைடைவிங் ரிக், அதாவது முதுகில் மாட்டும் பாராசூட் செட், வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் மூன்று கேள்விகள்: எந்தக் கேனபி (விரியும் பாராசூட் துணி), எந்தக் கண்டெய்னர் (அதை மடித்து வைக்கும் முதுகுப் பை), என்ன கலர். பைலட் சூட்டின் கில் லைனைப் பற்றி இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. என்னை வானத்தில் வைத்து வியர்க்க வைத்தது அந்த மெல்லிசான கயிறுதான்.

என்னுடைய கண்டெய்னரும், அவசரத்துக்கான ரிசர்வ் கேனபியும் முதல் நாளிலிருந்து மாறவில்லை. வழக்கமாகத் திறக்கும் மெயின் கேனபி மட்டும் 190, 150, 170 சதுர அடி என்று இரண்டு முறை மாறியது. அந்த 150 நான் செய்த தப்பு, அந்தக் கதை கீழே.

கண்டெய்னரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கருநீலம் வெளுத்துச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது, தையல் ஓரிடத்தில்கூட விடவில்லை. நைலானுக்கு வெயில்தான் எமன். அடுத்த விமான லோடுக்காகக் காத்திருக்கும்போது ரிக்கை வெட்ட வெளியில் போட்டு வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. காரின் டிக்கியும் வேண்டாம், அந்தச் சூட்டில் பேக்கிங் ரப்பர் பேண்டெல்லாம் பிசுபிசுத்துப் போகும்.

இனி கில் லைன். கண்டெய்னரின் அடியில் ஒரு ஸ்பாண்டெக்ஸ் பை இருக்கும், அதில் மடித்துச் செருகிய சின்னக் குடைதான் பைலட் சூட். அதை உருவி வீசினால் விரிந்து, பிரைடில் என்கிற நாடா வழியாக, கண்டெய்னரை மூடியிருக்கும் பின்னைக் கழற்றி, மெயினை வெளியே இழுக்கும். மெயின் விரிந்த பிறகும் அது பின்னால் ஊதிக்கொண்டே வந்தால் பறப்பதற்குத் தடை. அதனால் பிரைடிலுக்குள் ஓடும் கில் லைன் அதைச் சுருக்கிவிடும். என்னுடையதில் அந்த லைன் ஸ்பெக்ட்ரா. உராய்ந்து சூடேறினால் சுருங்குவது ஸ்பெக்ட்ராவின் குணம். ஒவ்வொரு ஜம்பிலும் கண்ணுக்குத் தெரியாத அளவு குறுகிக்கொண்டே வரும்.

640-ஆவது ஜம்ப் என்று லாக் புக்கில் இருக்கிறது. 3,500 அடியில் வீசினேன். வீசி ஒரு மூச்சு விடுவதற்குள் தோளில் இழுப்பு வரும், அன்று வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. முதுகுப் பக்கம் என்னவோ படபடவென்று அடித்தது. வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தால், பைலட் சூட் பாதி காற்றுப்போன பலூன் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. கை ரிசர்வ் கைப்பிடிக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே மெயின் கிளம்பியது. நான் திரும்பியதில் முதுகின்மேல் இருந்த காற்று கலைந்து அதற்கு உயிர் வந்திருக்க வேண்டும். அந்த வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 175 அடி விழுகிறோம். நான்கு நொடியில் எவ்வளவு போனது என்று தரைக்கு வந்தபின்தான் கணக்குப் போட்டேன்.

பேக்கிங் பாயில் அந்தப் பைலட் சூட்டை விரித்து, காக் பண்ணி, அதாவது கில் லைனை முழுக்க இழுத்து விட்டுப் பார்த்தேன். பிரைடிலில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு, காக் ஆகியிருந்தால் அதில் கலர் தெரியும். தெரிந்தது. ஆனால் குடையின் உச்சியோ மேலே எழும்பாமல் நடுவில் உள்ளே இழுபட்டு, தொப்புள் மாதிரிக் குழிந்து நின்றது. ஜன்னலில் கலர் தெரிந்தால் போதும் என்று அத்தனை நாள் நம்பியிருந்தேன். கலர் சொல்வது காக் பண்ணினாயா இல்லையா என்பதை மட்டும்தான். லைன் குறுகிவிட்டதா என்பதை உச்சியின் வடிவம் சொல்லும். இப்போது 100 ஜம்புக்கு ஒரு முறை அளந்து எழுதி வைக்கிறேன். புது கில் லைன் போட ரிக்கருக்கு (பாராசூட்டைப் பழுது பார்த்துக் கட்டித் தருபவர்) கொஞ்ச நேர வேலை. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிற புத்தி நம் எல்லோருக்கும் இருக்கிறது.

அந்த ஸ்பாண்டெக்ஸ் பையும் அப்படித்தான். 800 ஜம்ப் வாக்கில் தொளதொளத்துவிட்டது. பைலட் சூட் தானாக வெளியே வர அது போதும். விமானக் கதவுக்குப் பக்கத்தில் அப்படி ஆனால் ஆபத்து உங்களோடு நிற்காது, விமானத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும்தான். ஒரு விரலை உள்ளே விட்டால் இறுகப் பிடிக்க வேண்டும், பிடிக்கவில்லையென்றால் மாற்றிவிடுங்கள்.

இப்போது அந்த 150. விமானத்திலிருந்து இறங்கும்போது ரிக்கோடு சேர்த்து என் எடை 195 பவுண்டு. 190 சதுர அடிக் கேனபியில் ஒரு சதுர அடிக்கு ஒரு பவுண்டை ஒட்டி வரும், கற்றுக்கொள்கிறவனுக்குச் சரியான கணக்கு. 300 ஜம்ப் ஆனதும் தலைக்கனம் ஏறி, நடுவில் 170 என்று ஒன்று இருப்பதையே மறந்து நேராக 150-க்குத் தாவினேன். விகிதம் 1.3 ஆனது. 190-இல் லைன் ட்விஸ்ட் வந்தால், அதாவது கேனபியின் கயிறுகள் முறுக்கிக்கொண்டால், காலை உதைத்து, சாவகாசமாகச் சுற்றைப் பிரித்துவிடலாம். 150-இல் பதினெட்டாவது ஜம்பில் அதே ட்விஸ்ட் வந்தது. கேனபி ஒரு பக்கமாகச் சாய்ந்து ராட்டினம் மாதிரிச் சுழற்ற ஆரம்பித்தது. என் கால்கள் வெளியே வீசப்பட்டு, அடிவானம் தலைக்கு மேலே போய்ப் போய் வந்தது. இரண்டு உதைக்கு மேல் முயற்சி செய்யவில்லை. மெயினைக் கழற்றிவிடும் சிவப்புக் கைப்பிடியைப் பார்த்தேன், பிடித்தேன், உரித்து இழுத்தேன். 2,200 அடி இருக்கும்.

ஒரே இழுப்பில் வந்தது. அதற்குக் காரணம் என் சாமர்த்தியம் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்புதான் ரிக்கர் என் கட்அவே கேபிளை (அந்தச் சிவப்புக் கைப்பிடியோடு சேர்ந்த கம்பி) உருவிக் காட்டி, “இதைக் கடைசியா எப்பத் தொடச்சே?” என்று கேட்டார். ஏழு மாதமாகத் தொட்டதே இல்லை. மஞ்சள் உறை முழுக்கக் கறுப்பாக, விரலில் ஒட்டுகிற மாதிரி அழுக்கு. பில் பூத் 1970-களில் கொண்டுவந்த மூன்று வளைய முறையில், உங்கள் மொத்தப் பாரத்தையும் வளையங்கள் படிப்படியாகக் குறைத்துக் கடைசியில் ஒரு சின்ன நூல் வளையத்திடம் கொடுக்கும். அந்த நூலைப் பிடித்திருப்பது இந்தக் கேபிள். பாரம் குறைவு என்பதால் கையால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். அழுக்கு ஏறினால், அதுவும் சுழலும்போது, எவ்வளவு இழுக்க வேண்டியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

அன்றிலிருந்து மாதம் ஒரு முறை கேபிளை வெளியே எடுத்து, பஞ்சு உதிராத துணியில் இரண்டு சொட்டு சிலிக்கான் எண்ணெய் விட்டுத் துடைக்கிறேன். வளையங்களைக் கழற்றி, கேனபியின் கயிறுகளைத் தோளோடு இணைக்கும் ரைசர் நாடாவை முன்னும் பின்னும் மடக்கி முறுக்கி விடுவேன், பல நாள் ஒரே நிலையில் கிடந்தால் நாடா விறைத்துப் போகும். திரும்ப மாட்டிய பிறகு கட்டாயம் இன்னொருவரிடம் காட்டுங்கள். சுத்தம் செய்யாததைவிட, சுத்தம் செய்துவிட்டுத் தப்பாக மாட்டுவது மோசம்.

அன்று ரிசர்வைத் திறக்கும் வெள்ளிக் கைப்பிடிக்கு என் கை போய்ச் சேருவதற்குள் ரிசர்வ் தலைக்கு மேலே இருந்தது. என் ரிக்கில் ஸ்கைஹூக் உண்டு: கழன்று போகிற மெயினே பெரிய பைலட் சூட்டாக மாறி ரிசர்வை இழுத்துவிடும். இருந்தாலும் வெள்ளியையும் இழுத்தேன், அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளாதீர்கள். இன்னொரு லாபம், ரிசர்வின் பை மெயினோடே போய் விழுந்ததால் இரண்டும் ஒரே புதரில் கிடைத்தன. சிவப்புக் கைப்பிடியைத்தான் பதற்றத்தில் எறிந்துவிட்டேன், இன்றுவரை கிடைக்கவில்லை. 150-ஐ அதே மாதம் விற்றுவிட்டு 170 வாங்கினேன்.

ரிசர்வைத் தானாகவே திறந்துவிடும் கருவியான ஏ.ஏ.டி பற்றி நிறையப் பேர் ஒரு நினைப்பில் இருக்கிறார்கள், அது இருந்தால் பயமில்லை என்று. என்னுடையது சைப்ரஸ், எக்ஸ்பர்ட் வகை. தரையிலிருந்து ஏறக்குறைய 750 அடி உயரத்தில், நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வை மூடியிருக்கும் லூப்பை அறுத்துவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. அரைகுறையாக விரிந்த மெயினுக்குக் கீழே சுழன்றுகொண்டிருந்தால் வேகம் அந்த அளவை எட்டாமலே போகலாம், அது சும்மா இருக்கும். நல்ல கேனபியைத் தரைக்குப் பக்கத்தில் வேகமாகத் திருப்பி மோதினாலும் சும்மாதான் இருக்கும். ஒழுங்காக விரிந்த கேனபியின் கீழேதான் எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். காலையில் குதிக்கிற இடத்தின் தரையில் வைத்து ஆன் செய்யுங்கள். வீட்டிலேயே ஆன் செய்து மலை ஏறி வந்தால் அதன் பூஜ்யம் உங்கள் பூஜ்யம் இல்லை.

இன்னொன்று, தாழ்வாகத் திறந்தால் அது உங்களுக்கு எதிராகவே திரும்பும். மெயின் மெதுவாக விரிந்துகொண்டிருக்கும்போதே ஏ.ஏ.டி-யும் ரிசர்வைத் திறந்தால் தலைக்கு மேலே இரண்டு கேனபி. அமெரிக்க பாராசூட் சங்கம் 2013-இல் சி, டி என்ற மேல்நிலை உரிமக்காரர்களுக்கான குறைந்தபட்சத் திறப்பு உயரத்தை 2,000-இலிருந்து 2,500 அடியாக உயர்த்தியதற்கு இதெல்லாம்தான் பின்னணி. நான் 3,500-க்குக் கீழே போவதில்லை. கூச்சமில்லாமல் சொல்கிறேன், அந்த நான்கு நொடி எனக்கு அங்கிருந்துதான் கிடைத்தது.

ரிசர்வை 180 நாளுக்கு ஒரு முறை ரிக்கர் பிரித்துப் பார்த்துக் கட்டி, நூல் சுற்றி முத்திரை வைத்துத் தருவார். இருபத்திரண்டு முறை கட்டப்பட்டு ஒரே முறை காற்றைப் பார்த்த கேனபி அது. ரீபேக் நடக்கும்போது பக்கத்தில் உட்காரக் கேளுங்கள், நல்ல ரிக்கர் மறுக்க மாட்டார். நான் கற்றதில் பாதி அந்த மேஜை ஓரத்தில் கற்றது.

உயரம் காட்டும் ஆல்டிமீட்டரில் முள் வைத்ததைத்தான் இன்னும் கட்டுகிறேன். டிஜிட்டல் ஒன்றும் இருக்கிறது, லாக் எழுத வசதி. ஆனால் ஓரக்கண்ணால் பார்க்கும்போது எண்ணைப் படிக்க வேண்டும், முள்ளைப் பார்த்தாலே போதும்.

170-இன் லைன்களும் (கேனபியின் கயிறுகள்) ஸ்பெக்ட்ராதான். கேனபி திறக்கும்போது லைன்கள் வழியே இறங்கி வரும் ஸ்லைடர் துணியின் வளையத்தோடு உராய்கிற லைன்கள்தான் அதிகம் சூடேறும் என்பதால் பிரேக் லைன் முதலில் சுருங்கும். பிரேக் கைப்பிடியான டாகிளை முழுக்க விட்டாலும் கேனபியின் வால் கொஞ்சம் கீழே இழுபட்டே இருக்கும். முன் ரைசரை இழுத்தால் முரட்டுக் குதிரை மாதிரித் துள்ளும், திறப்பும் முரடாகும். போன முறை 780-ஆவது ஜம்பில் இதே அறிகுறிகள் வந்தன, கழுத்து வலிக்கு மருந்து வாங்கிக்கொண்டிருந்தேன். மொத்த லைன் செட்டையும் மாற்றிய அன்று அதே துணி பஞ்சு மாதிரித் திறந்தது.

போன வாரம் முன் ரைசர் மறுபடியும் துள்ள ஆரம்பித்திருக்கிறது. வலது பிரேக் லைன் இடதைவிட ஒரு விரற்கடை குட்டை. நாளைக்கு ரிக்கரிடம் போகிறது. சைப்ரஸுக்கும் 12½ ஆண்டு ஆயுளில் இன்னும் ஒன்றரைதான் பாக்கி.