பழைய ஜீப் பிக்கப்பைப் புதுப்பிக்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

அணைக்கட்டுப் பக்கம் எங்கள் ஊர். போன மாதம் ஒரு காலை ஏரிக்கரை வழியாக வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன், பக்கத்தில் அப்பா. கரை வளைகிற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். சக்கரம் திரும்பவில்லை. ஸ்டியரிங் மட்டும் கையில் சும்மா சுற்றியது. பதினைந்து கிலோமீட்டர் வேகம்தான் இருக்கும், பிரேக்கை அழுத்திப் பிடித்தேன், கரையோரத்துப் பனைமரத்தில் முட்டி நின்றோம். அந்தப் பக்கம் பத்தடிப் பள்ளம், அதற்குக் கீழே தண்ணீர். அப்பாவுக்கு 76 வயது. அதற்கு மறுநாள் காலை இதே வண்டியில் லோடு ஏற்றிக்கொண்டு வேலூர் போவதாக இருந்தோம். பைபாஸில் அறுபதில் போகும்போது இது நடந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

இறங்கிக் கீழே படுத்துப் பார்த்தேன். டிராப் ஆர்ம் இரண்டாக விட்டிருந்தது. ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து இறங்கி, சக்கரத்தைத் திருப்பும் ராடைத் தள்ளி இழுக்கிற இரும்புக் கை அது. விட்ட இடத்தில் வெல்டிங். வெல்டிங்கை மறைக்க அதன் மேல் பூசிய பட்டி, பட்டி மேல் கறுப்புப் பெயின்ட். பவர் ஸ்டியரிங் செட் என்று 12,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு கடைக்காரர் எங்கள் வீட்டு வாசலிலேயே மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனது இதைத்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். வண்டி 1987-ஆம் வருட மகேந்திரா டீசல் ஜீப், பின்னால் தொட்டி கட்டியது. பியூஜோவின் 2,112 சிசி எஞ்சின், நாலு கியர், முன்னும் பின்னும் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்), நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். முப்பது வருடம் அப்பா இதில்தான் இலவம்பாடி முள்கத்தரிக்காயும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு நேதாஜி மார்க்கெட்டுக்குப் போனார். விற்க அவருக்கு மனது வரவில்லை, எனக்கும் வரவில்லை. ஆனால் அவருக்கு இடுப்பு வலி வந்துவிட்டது, ஸ்டியரிங்கைத் திருப்பத் தோளில் தெம்பு இல்லை. பைபாஸில் அறுபதைத் தொட்டாலே எஞ்சின் கத்தும். பின் அச்சின் நடுவில் இருக்கிற பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் 5.38 ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற அதற்கு வரும் ஷாஃப்ட் 5.38 சுற்று சுற்ற வேண்டும் என்பதால் அந்த வேகத்துக்கு எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,400 சுற்று சுற்ற வேண்டியிருக்கும். ரேஷியோவை 4.27 ஆக்கினால் 1,900 சுற்று போதும். அஞ்சாவது கியர் ஒன்றும் இருந்தால் இன்னும் குறையும். கமானை மிருதுவாக்கி, நல்ல ஷாக் அப்சார்பர் போட்டு, பவர் ஸ்டியரிங்கும் வைத்தால் அப்பா இன்னும் பத்து வருடம் ஓட்டுவார் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசையில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ராணிப்பேட்டையில் லேத் வேலை பார்க்கும் என் மச்சானும் நானுமாக மாட்டுக்கொட்டகையில் வைத்து நாங்களே செய்துகொள்வதாகத்தான் முதலில் திட்டம். பொருள் தேடும்போது போனில் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. நெடுஞ்சாலை ஓரம் பழைய வண்டிகளின் பாகம் விற்கிறவர். போய்ப் பார்த்தோம். "அண்ணா, நீங்க இன்னாத்துக்குக் கஷ்டப்படறீங்க, செட்டா நானே குடுக்கறேன், ஆளோட வந்து வீட்லயே மாட்டிக் குடுத்துடறேன்" என்றார். கமான் 18,000, ஷாக் 9,000, கியர் பாக்ஸ் 32,000, டிஃபரன்ஷியல் 14,000, ஸ்டியரிங் 12,000, கூலி 20,000. மொத்தம் 1,05,000 ரூபாய். பாதி ஜிபேயில் அனுப்பினேன், மீதியை ரொக்கமாகக் கேட்டார், கொடுத்தேன். பில் என்று அவர் கொடுத்தது வெள்ளைத் தாளில் எழுதிய எஸ்டிமேட். கடைப் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை.

பாரபாலிக் கமான் என்றுதான் விற்றார். பளபளவென்று கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. பாரபாலிக் என்றால் ஒவ்வொரு பட்டையும் நடுவில் கனமாக இருந்து முனைக்குப் போகப் போக மெலியும், பட்டைகள் நடுவிலும் முனையிலும் மட்டும்தான் ஒன்றையொன்று தொடும். கனம் அளக்கும் வெர்னியர் வைத்து நடுவிலும் முனையிலும் அளந்து பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். நாங்கள் அளக்கவில்லை. பத்து நாளில் வலப்பக்கம் ஒன்றரை அங்குலம் இறங்கிவிட்டது. அப்புறம்தான் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் பெயின்ட்டைத் தேய்த்தோம். எல்லாப் பட்டையும் முனை வரைக்கும் ஒரே கனம். கீழ்ப்பட்டையின் முனை உரசி உரசி மேல்பட்டையில் பள்ளம் விழுந்திருந்தது, அது பல வருடம் ஓடிய கமானின் அடையாளம். வளைவு வர வேண்டுமென்று சூடேற்றாமலே சுத்தியால் அடித்த தடமும் வரிசையாக இருந்தது. அப்படி அடித்து ஏற்றிய வளைவு லோடு ஏறினால் நிற்காது. கமானை அச்சோடு பிடித்து வைக்கும் யூ போல்ட்டும் பழையதையே போட்டிருந்தார்கள். ஒருமுறை இறுக்கி இழுபட்ட யூ போல்ட்டை மறுபடி போடவே கூடாது. அது தளர்ந்தால் பட்டைகளை நடுவில் கோத்து வைக்கும் சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு அச்சே இடம் மாறிவிடும். மெயின் பட்டை, யூ போல்ட், புஷ் மூன்றையும் புதிதாக, பில்லோடு வாங்குங்கள்.

வண்டி உயரம் வேண்டுமென்று கமான் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் முன்பக்க ஷாக்கிளையும் நீட்டிவிட்டார்கள். அதனால் முன் அச்சின் கேஸ்டர் கோணம் (சக்கரத்தைத் தானாக நேருக்குக் கொண்டுவரும் சாய்வு) குறைந்து, வளைவு முடிந்த பிறகும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரவில்லை. நாங்கள் அதைப் பவர் ஸ்டியரிங்கின் குணம் என்று நினைத்துக்கொண்டோம். கேஸ் ஷாக் என்று சொன்னதும் கேஸ் இல்லை. கையால் அழுத்தி விட்டால் கேஸ் ஷாக் தானாக மெல்ல மேலே எழும்பும். எங்களுடையது அழுத்திய இடத்திலேயே கிடந்தது.

கியர் பாக்ஸ் விஷயம்தான் எனக்கு அதிகம் வலித்தது. கடையில் மெயின் ஷாஃப்டைக் கையால் சுற்றிக் காட்டினார், சத்தமே வரவில்லை. வீட்டில் ஒரு வாரம் ஓட்டியதும் மூன்றாவது கியர் துள்ளி வெளியே வர ஆரம்பித்தது. அடியில் ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றினால் ஆயில் ஒழுகவில்லை, கட்டியாக இறங்கியது. பேரிங் சத்தம் கேட்கக் கூடாதென்று உள்ளே கிரீஸைத் திணித்திருந்தார்கள். காந்தத்தை விட்டு எடுத்தால் இரும்புத் தூள் முள்முள்ளாக ஒட்டியது, கிரீஸில் பித்தளைப் பொடியும் மின்னியது. பித்தளை வந்தால், கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சிங்க்ரோ ரிங் போய்விட்டது என்று அர்த்தம். பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த ஒரு போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். கழற்ற விடமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் அங்கேயே திரும்பி வந்துவிடுங்கள்.

புதுப் பாக்ஸ் நீளம் அதிகம் என்பதால், எஞ்சின் பக்கத்திலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டிக் குட்டையாக்க வேண்டும். அது தேவையான வேலைதான். ஆனால் வெட்டி ஒட்டும்போது இரண்டு முனையிலும் மூட்டு மாட்டுகிற நுகமும் ஒரே நேரில் நிற்க வேண்டும், ஒட்டிய பிறகு மெஷினில் பேலன்ஸ் பார்க்க வேண்டும். அவர்கள் கொட்டகைத் தரையில் கிடத்தி வெல்டிங் அடித்தார்கள். நாற்பதைத் தாண்டினால் தரை முழுக்க அதிரும். மச்சான் பார்த்த உடனே சொன்னான், நுகம் இரண்டும் கோணிக்கொண்டு நிற்கிறது என்று.

டிஃபரன்ஷியல் மாற்றியதாகச் சொன்னார்களே, அதையும் சோதித்தோம். யாரும் வீட்டில் செய்யலாம். வண்டியை நியூட்ரலில் விட்டு, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின்சக்கரத்தைத் தரையிலேயே விட்டு இன்னொன்றை ஜாக்கியில் தூக்குங்கள். ப்ரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. எங்களுக்கு ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. கவரைத் திறந்து பல் எண்ணினோம். பெரிய பற்சக்கரமான கிரவுனில் 43, அதைச் சுற்றுகிற சின்னப் பினியனில் 8. பழைய 5.38 அப்படியே உள்ளே இருந்தது. கவருக்குப் பெயின்ட் அடித்ததற்கு 14,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

இவ்வளவுக்கும் மேல் எஞ்சினையும் மாற்றித் தருகிறேன் என்று 20,000 அட்வான்ஸ் வாங்கியிருந்தார். "பேப்பர் பின்னால வரும்ணா" என்றார். எஞ்சின் இறங்கிய அன்று நம்பர் இருக்கும் இடத்தைத் துடைத்துப் பார்த்தேன், கிரைண்டரால் தேய்த்திருந்தது. அதை மட்டும் அன்றே திருப்பி ஏற்றி அனுப்பினேன். அட்வான்ஸ் வரவில்லை. எஞ்சின் நம்பர் ஆர்சி புத்தகத்தில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரம் மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது, எஞ்சின் மாற்றுவதென்றால் முதலில் ஆர்டிஓ அனுமதி வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாமல் மாற்றினால் ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. அந்தத் தண்டனை வண்டியின் சொந்தக்காரருக்குத்தான். நம்பர் தேய்த்த எஞ்சின் திருட்டு வண்டியினுடையதாக இருந்தால் போலீஸ் தேடி வருவதும் நம் வீட்டுக்குத்தான். பிரேக், ஸ்டியரிங், டயர் அளவு எதை மாற்றுவதாக இருந்தாலும் முன்னாலேயே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் ஆரம்பித்தேன்.

மறுபடியும் அந்த வெல்டிங்குக்கு வருகிறேன், இந்தப் பதிவையே அதற்காகத்தான் எழுதுகிறேன். டிராப் ஆர்ம் அடித்து உருவாக்கிய உறுதியான எஃகு. வேறு வண்டியின் பவர் ஸ்டியரிங் பாக்ஸைக் கொண்டுவந்தால் அதன் ஆர்ம் நம் ராடுக்கு நேராக வராது. சரியான ஆர்மைத் தேடி வாங்க வேண்டும், இல்லை பாக்ஸ் உட்காரும் பிராக்கெட்டை அளவெடுத்துச் செய்ய வேண்டும். இவர்கள் ஆர்மை நடுவில் வெட்டி, திருப்பி ஒட்டிவிட்டார்கள். சூடேற்றாமல் சாதாரண வெல்டிங் அடித்தால் ஒட்டின இடத்தை ஒட்டியே எஃகு மொறுமொறுப்பாகிவிடும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக ஓடி, ஒரு நாள் விட்டுவிடும். எங்களுக்கு மூன்று வாரத்தில் விட்டது. டிராப் ஆர்ம், அதிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் டிராக் லிங்க், டை ராட் என்ற ராடுகள் இவற்றில் எதிலாவது வெல்டிங்கோ பட்டியோ பார்த்தால் அந்த வண்டியைத் தயவுசெய்து எடுக்காதீர்கள், யார் சொன்னாலும் சரி. புதுப் பெயின்ட் இருந்தால் சுரண்டிப் பாருங்கள்.

அந்தக் கடைக்காரரிடம் நேரில் போனேன். "ஓட்டத் தெரியாம இடிச்சிட்டு வந்து பேசறீங்க" என்றார். எங்கள் பழைய கியர் பாக்ஸையாவது கொடுங்கள் என்று கேட்டேன். மாட்டின அன்றே எக்ஸ்சேஞ்ச் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போயிருந்தார், அதை விற்றாயிற்றாம். 1987-இலிருந்து ஒரு சத்தம் போடாத பாக்ஸ் அது. கழற்றின பழைய பாகத்தைக் கொடுத்துவிடாதீர்கள், வேலை முடிந்து ஒரு வருடம் ஓடும்வரை கொட்டகையிலேயே கிடக்கட்டும்.

1915-க்குப் போன் செய்து நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தேன். பிறகு வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். ஜிபே ரசீது, வாட்ஸாப்பில் அவர் பேசி அனுப்பின குரல் பதிவு, உடைந்த ஆர்மின் படம் எல்லாம் வைத்திருக்கிறேன். ரொக்கமாகக் கொடுத்த பாதிக்குச் சாட்சி மச்சான் மட்டும்தான். விசாரணை இன்னும் வரவில்லை.

வண்டி இப்போது கொட்டகையில் நிற்கிறது. கமானும் யூ போல்ட்டும் புதிதாக வாங்கி நாங்களே மாட்டிவிட்டோம், ஷாக்கிளைப் பழைய அளவுக்கே கொண்டுவந்தாயிற்று, கியர் பாக்ஸைத் தேடிக்கொண்டிருக்கிறோம். ஸ்டியரிங்குக்கு மட்டும் தேட வேண்டியிருக்கவில்லை. அன்று எல்லாவற்றையும் ஏற்றியபோது பழைய ஸ்டியரிங் பாக்ஸையும் ஆர்மையும் மட்டும் அப்பா ஒரு சாக்கில் சுற்றி வைக்கோல் போருக்குப் பின்னால் வைத்துவிட்டாராம், என்னிடம்கூடச் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவரே சாக்கை அவிழ்த்துக் கொடுத்தார். மச்சான் அதைப் பிரித்து பேரிங் மாற்றிக் கொடுத்தான், நான் மாட்டினேன். திருப்ப இன்னும் கனமாகத்தான் இருக்கிறது.