.315 தோட்டா இன்னும் தாங்குமா? ரப்பர் தோட்டத்துக் கணக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, களியல் பக்கத்துப் பழைய தோட்டக்காரர் வீடுகளில் உரிமத்தோடு இருக்கும் துப்பாக்கி பெரும்பாலும் இரண்டு வகைதான்: ஈய ரவை சுடும் இரட்டைக் குழல் ட்வெல் போர், இல்லையென்றால் .315 ரைஃபிள் (எண் குழல் துளையின் அங்குல அளவு). 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் கையில் இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்றானது. மூன்று வைத்திருந்தவர்கள் ஒரு வருடத்துக்குள் ஒன்றை ஒப்படைக்க வேண்டியிருந்தது. எதை வைப்பது, எதை விடுவது என்ற பேச்சு அப்போது தொடங்கியது. அப்பா காலத்து .315-ஐக் கொடுத்துவிட்டு அமெரிக்க வகையான .30-06 ரைஃபிள் வாங்கலாமா என்று வாரிசுகள் இன்றும் கேட்கிறார்கள்.

அலசுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மரச்சீனியை (மரவள்ளியை) காட்டுப்பன்றி கிளறிப் போட்டாலும், வாழையை முறித்தாலும், உரிமம் இருக்கிறது என்பதற்காக நாம் சுட முடியாது. தமிழக அரசு 2025-ல் வகுத்த வழிமுறைப்படி, காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால்தான் சுடலாம், அதையும் வனத்துறைதான் செய்ய வேண்டும். எனவே இங்கே பேசுவது வீடு, தோட்டப் பாதுகாப்புக்கும் இலக்குச் சுடுதலுக்கும் வைத்திருக்கும் துப்பாக்கியைப் பற்றி.

.315-இன் மூலம் ஆஸ்திரியா. 1890-ஐ ஒட்டி வந்த 8×50 மன்லிச்சர் ராணுவத் தோட்டாதான் அது. ராணுவத் தோட்டாவான .303-ஐப் பொதுமக்கள் கையில் விட வெள்ளைக்காரன் விரும்பவில்லை. அதனால் .303-இன் அதே லீ-என்ஃபீல்டு வகை போல்ட் (தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் தண்டு) அமைப்பில், குழலுக்கு வேறு துளை அளவு வைத்து இந்தியாவுக்கென்று ரைஃபிள் செய்தார்கள். பிறகு மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை அதைத் தொடர்ந்தது. .303 இன்றும் தடை செய்யப்பட்ட துளை வகையில் இருக்கிறது; .315 தடையில்லாத வகை. நம் ஊரில் இந்தத் தோட்டா இவ்வளவு காலம் நிலைத்ததற்குச் சட்டமே முதல் காரணம்.

எண்களைப் பார்ப்போம். .315-இன் குண்டு 244 கிரெய்ன், அதாவது 15.8 கிராம், மூக்கு உருண்டை, நுனியில் ஈயம். குழல்வாயை விடும்போது வேகம் வினாடிக்குச் சுமார் 620 மீட்டர், ஆற்றல் 3,000 ஜூலை ஒட்டி வரும். 1906-இல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த .30-06-ம் சின்னப் பிள்ளை அல்ல. ஆனால் நம் கடைகளில் அதுதான் ‘புதுசு’. அதில் 180 கிரெய்ன் குண்டு வினாடிக்குச் சுமார் 820 மீட்டரில் கிளம்பும். ஆற்றல் 3,950 ஜூல் அளவு. காகிதத்தில் வித்தியாசம் பெரிதுதான்.

ஆனால் தோட்டத்துக்குள் நின்று பாருங்கள். ரப்பர் வரிசைக்கு வரிசை 22 அடி, மரத்துக்கு மரம் 11 அடி என்று நட்ட இடத்தில், மேடும் பள்ளமும் சேர்ந்து, 80 கெஜத்துக்கு மேல் தடையில்லாத பார்வை கிடைப்பதே அரிது. அந்தத் தூரத்தில் .315-க்கு இன்னும் 2,500 ஜூல் அளவு மிச்சம் இருக்கும். 100 கெஜத்தில் குறி சரிசெய்த இரண்டு ரைஃபிளையும் 200 கெஜத்தில் சுட்டால், .30-06 சுமார் 4 அங்குலம் தாழும்; .315 சுமார் 9 அங்குலம் தாழும். இந்த 5 அங்குலத்துக்குத்தான் .30-06-க்குக் காசு கொடுக்கிறோம். 200 கெஜம் திறந்து கிடக்கும் சுடுதளத்தில் அது உதவும். பேச்சிப்பாறைச் சரிவில் அந்தத் தூரம் கண்ணுக்கே தெரியாது.

தாண்டிப் போகும் குண்டுதான் என்னைக் கவலைப்பட வைப்பது. 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். ஒரு விளை (தோட்டத் துண்டு) முடிந்தால் அடுத்த வீடு. குறி தப்பிய .30-06 குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும். .315-ம் போகும், ஆனால் மொண்ணை மூக்கும் குறைந்த வேகமும் அதைச் சீக்கிரம் தளர்த்தும். இரண்டுமே பாறையில் பட்டால் தெறிக்கும், நம் மண்ணில் பாறைக்குப் பஞ்சமில்லை. பின்னால் மண் மேடு இல்லாத இடத்தில் ரைஃபிளை எடுப்பதே தவறு. சின்னதுதானே என்று நினைக்கும் .22-இன் பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சடித்திருக்கும். அது 140 ஜூல் தோட்டா. பழகுவதற்கு அருமை, பாதுகாப்புக்கு ஆகாது.

வீட்டுக் காவல் மட்டும்தான் நோக்கம் என்றால் ட்வெல் போருக்கு ஈடில்லை. பெரிய ரவை போட்ட தோட்டா 30, 40 கெஜத்துக்குள் வேலையை முடிக்கும். ரவைகள் சீக்கிரம் வேகம் இழக்கும். சட்டமும் அதற்கே சாதகம்: 1959 ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு, 20 அங்குலத்துக்குக் குறையாத வழுக்குக் குழல் (உள்ளே கோடு வெட்டாத குழல்) துப்பாக்கிக்குத் தனி இடம் கொடுக்கிறது. ரைஃபிளுக்கு மனுப் போடுகிறவர் அதற்கான காரணத்தை நன்றாக நிறுவ வேண்டியிருக்கும்.

இனி, நம் ஊரில் .315 உண்மையிலேயே தோற்கும் இடம். பவர் குறைவதால் அது தோற்பதில்லை, பித்தளை கெடுவதால்தான் தோற்கிறது.

தோட்டாக் கூடு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இந்தக் கலவைக்கு அம்மோனியா எமன். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக்களின் கூடுகள் தானாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியாவும், ஈரமும், கூட்டை இழுத்து உருவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல் விளக்கினார்கள். நம் தோட்டங்களில் குதிரை இல்லை, ஆனால் ரப்பர் பால் உறையாமல் இருக்க அம்மோனியா ஊற்றுகிறோம். பால் பீப்பாய் வைக்கும் அறையிலேயே இரும்புப் பெட்டியில் தோட்டாவும் கிடந்தால், தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என்று வருடம் இரண்டு மழையில் கழுத்துப் பகுதியில் முடி போன்ற கோடு விழும். அப்படிக் கோடு விழுந்த தோட்டாவைச் சுட்டால் வாயு பின்பக்கம் கசியும். ரப்பர் சீட்டுக்குப் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் இருக்கும் அறையும், சீட் காயவைக்கும் புகைப்புரையை ஒட்டிய மச்சும் ஆகாது. புகைப்புரைச் சூட்டில் வெடிமருந்து கெடும்.

புதிய கூடுகளின் கழுத்தை ஆலையிலேயே சூடாக்கி இறுக்கம் தளர்த்திவிடுவதால் இந்த ஆபத்து குறையும், முழுதும் போகாது. .30-06-ம் பித்தளைதான், ஆனால் அதைப் புதிதாக வாங்குகிறவர் கையில் இருப்பது புதிய தோட்டா; .315 இருக்கும் வீட்டிலோ இருபது வருடச் சரக்கு. ஆகவே மூடி இறுகும் தகர டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, படுக்கை அறை அலமாரியில் பூட்டி வையுங்கள். தோல் பெல்ட்டில் செருகியே வைக்காதீர்கள். தோல் பதனிட்ட சத்து பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும். களிம்பைத் துடைத்த இடத்தில் குழி விழுந்திருந்தாலோ, குண்டு விரலில் ஆடினாலோ, அந்தத் தோட்டாவைத் தனியே எடுத்து வைத்து உரிமம் பெற்ற வியாபாரியிடம் கேளுங்கள். கிணற்றில் போடுவதும் மண்ணில் புதைப்பதும் கூடவே கூடாது. கணக்கும் இடிக்கும், ஆபத்தும் போகாது.

ரைஃபிளிலும் பார்க்க வேண்டியது உண்டு. .315 விளிம்புள்ள தோட்டா. மேகசினில் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் போல்ட் தள்ளும்போது இரண்டும் கோத்துக்கொண்டு சிக்கும். .30-06-க்கு விளிம்பு வெளியே நீட்டாததால் இந்தத் தொல்லையே இல்லை. சுட்ட கூட்டை எடுத்து, அடியிலிருந்து ஒரு விரற்கடை மேலே பளபளவென்று வளையம் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் போல்ட் தலைக்கும் கூட்டுக்கும் இடைவெளி கூடிவிட்டது. இன்னும் சில முறை சுட்டால் கூடு இரண்டாக அறுந்து முன்பாதி குழலுக்குள் தங்கிவிடும். இதற்குக் கைவைத்தியம் கிடையாது. உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் அளவு பார்த்து போல்ட் தலையை மாற்ற வேண்டும்.

பழைய சரக்கின் கேப் (தோட்டா அடியில் பொறி தட்டும் மூடி) மருந்து, சுட்டபின் குழலில் உப்பு விடும் வகையாக இருக்கலாம். குளச்சல், முட்டம் கடற்காற்றில் ஒரே இரவில் குழலில் துரு ஏறும். சுட்ட அன்றே கொதிநீர் விட்டுக் குழலைக் கழுவி, காயவைத்து, துப்பாக்கி எண்ணெய் பூச வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். பிசுபிசுத்து போல்ட்டை இறுக்கும்.

ஆகவே, பராமரித்த .315 கையில் இருந்தால் .30-06-க்கு மாறுவதில் இந்த மாவட்டத்தில் லாபம் இல்லை. மூன்றில் ஒன்றை விட வேண்டிய நிலை வந்தால் ட்வெல் போரை முதலில் காப்பாற்றுங்கள், அடுத்தது .315. கூட்டில் வளையம் விழுந்து, குண்டைச் சுழற்றும் குழல் உட்கோடும் தேய்ந்துபோன .315 என்றால் பாசம் பார்க்காமல் விட்டுவிடலாம். புதிதாக ரைஃபிள் எடுத்து, தொலைதூர இலக்குச் சுடுதலே முக்கியம் என்கிறவருக்கு மட்டும் .30-06 சரி, அவரும் தோட்டா தொடர்ந்து கிடைக்குமா, என்ன விலை என்று வியாபாரியிடம் முதலில் கேட்டுவிட்டு மனுப் போடட்டும்.

தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது மேகசினைக் காலி செய்து, குழலின் தோட்டா அறையைத் திறந்து காட்டி, குழலின் உள்ளும் வெளியும் எண்ணெய் பூசிக் கொடுங்கள். ரசீதில் துப்பாக்கி எண் சரியா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். திரும்ப வாங்கியதும் முதல் வேலை, குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துரு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. மழைக்காலத் தேர்தல் என்றால் கட்டாயம் பாருங்கள்.