பழைய மடிக்கணினிக்கு எந்த இயங்குதளம்? விண்டோஸ் 10, விண்டோஸ் 11, குரோம் ஓஎஸ் பிளெக்ஸ், லினக்ஸ் மின்ட்: ஓர் ஒப்பீடு

கைமாறி வந்த மடிக்கணினியில் ஏற்கெனவே இருக்கும் இயங்குதளத்தை அப்படியே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். முன்பு வைத்திருந்தவர் எதையெல்லாம் நிறுவினார், எந்தக் கணக்குகளில் நுழைந்திருந்தார், பின்னணியில் என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்பது நமக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஆகவே டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே முறை. எதை நிறுவுவது என்பதுதான் கேள்வி. இந்த ஒப்பீட்டுக்கு அளவுகோலாக என் கையில் இருக்கும் இயந்திரத்தையே எடுத்துக்கொள்கிறேன். அது 2012ஆம் ஆண்டுவாக்கில் வெளிவந்த, இன்டெல் மூன்றாம் தலைமுறை ஐ5 பிராசசர், 4 ஜிபி ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க் ஆகியவை கொண்ட மடிக்கணினி.

முதலில், எந்த இயங்குதளமும் ஈடுசெய்ய முடியாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹார்ட் டிஸ்க்கை மாற்றி, சுழலும் பாகங்கள் இல்லாத ஓர் எஸ்எஸ்டி பொருத்துவதால் கிடைக்கும் வேகம், கீழே வரும் நான்கில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் கிடைக்கும் வேறுபாட்டைவிடப் பெரியது. பழைய டிஸ்க்கையே பயன்படுத்துவதாக இருந்தால், அது தன் நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அறிக்கையில், பழுதானதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்களின் (சேமிப்புப் பகுதிகளின்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதா என்று பார்த்துவிட்டு நிறுவுவது நல்லது. இன்னொன்று மதர்போர்டில் இருக்கும் சிறிய நாணய பேட்டரி. என் இயந்திரத்தில் நிறுவல் முடிந்து இணைய இணைப்பும் கிடைத்த பிறகு, எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் செல்லாது என்ற எச்சரிக்கையே வந்தது. வைஃபை டிரைவரையும் பிரவுசரையும் மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்ட பிறகுதான், திரையின் மூலையில் இருந்த தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருப்பதைக் கவனித்தேன். பேட்டரி தீர்ந்துவிட்டதால், மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் பழைய நாளுக்குத் திரும்பியிருக்கிறது; தளங்களின் சான்றிதழ் செல்லுமா என்பதைக் கணினியின் தேதியை வைத்தே பிரவுசர் பார்க்கிறது. குறை இயங்குதளத்தில் இல்லை.

விண்டோஸ் 10 இந்த இயந்திரத்துக்கு மிகவும் பழக்கமான தேர்வு. டிரைவர்கள் பெரும்பாலும் தாமாகவே வந்து சேரும். பிரிண்டர், ஸ்கேனர் போன்றவற்றில் தகராறு குறைவு. ஆனால் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் இதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. தனிப் பயனர்களுக்கென அறிவிக்கப்பட்ட நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டமும் 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான். அதன் பிறகு இணையத்தில் இணைத்துப் பயன்படுத்தும் கணினியில் இதை வைத்திருப்பது, தெரிந்தே தாழ்ப்பாள் போடாத வீட்டில் இருப்பதற்குச் சமம். உரிமம் பற்றியும் கவனம் தேவை. விண்டோஸ் 10இன் டிஜிட்டல் உரிமம் மதர்போர்டுடன் பிணைக்கப்பட்டிருப்பதால், அது முன்பே ஆக்டிவேட் ஆகியிருந்தால், நிறுவும்போது கீ (உரிம எண்) கேட்கும் இடத்தைத் தாண்டிச் சென்று, இணையத்தில் இணைத்தவுடன் தானாகவே மீண்டும் ஆக்டிவேட் ஆகிவிடும். முன்பு ஆக்டிவேட் ஆகாமல், மடிக்கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் விண்டோஸ் 7 கீயை நம்பி இறங்குபவர்கள் ஏமாற நேரும். அந்த வழியை மைக்ரோசாஃப்ட் 2023இல் மூடிவிட்டது. ஆகவே டிஸ்க்கை அழிப்பதற்கு முன் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்ப்பது அவசியம்.

விண்டோஸ் 11 விஷயத்தில் என் கருத்து கடுமையானது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட் வசதி, 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் என்பவை அதன் அதிகாரபூர்வ தேவைகள். மூன்றாம் தலைமுறை இயந்திரம் இதற்கு அருகில்கூட வராது. ரூஃபஸ் போன்ற கருவியால் நிறுவுவதற்கான பென்டிரைவைத் தயாரிக்கும்போதே இந்தச் சோதனைகளை நீக்கிவிடலாம் என்பதும், அப்படி நிறுவினால் அது ஓடும் என்பதும் உண்மைதான். ஆனால் தகுதியில்லாத கணினிக்கு அப்டேட்டுகள் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் எந்த உறுதியும் தருவதில்லை; ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய பதிப்பு பெரும்பாலும் தானாக வந்து சேராது; ஒவ்வொரு முறையும் அதே வித்தையை நாமே திரும்பச் செய்ய வேண்டும். 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்எஸ்இ 4.2 கட்டளைகள் இல்லாத பிராசசரில் அது தொடங்கவே தொடங்காது என்பதால், கோர் 2 டூவோ போன்ற இன்னும் பழைய பிராசசர் கொண்ட கணினிகளில் குறுக்குவழியும் அடைபட்டுவிட்டது. தனக்காக, விவரம் தெரிந்து செய்துகொள்பவர் செய்துகொள்ளட்டும். பெற்றோருக்கோ படிக்கும் பிள்ளைக்கோ கொடுக்கப்போகும் கணினியில் இதைச் செய்துவிட்டு நகர்ந்துவிடுவது அவர்களுக்குச் செய்யும் உதவி ஆகாது.

கூகுளின் குரோம் ஓஎஸ் பிளெக்ஸ் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 4 ஜிபி ராமும் 16 ஜிபி இடமும் போதும். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். அப்டேட்டுகள் தாமாகவே நடந்துவிடும். பிரவுசருக்குள்ளேயே முடிந்துவிடும் வேலைகளுக்கு இது போதுமானது. பிளே ஸ்டோர் இதில் கிடையாது, நிறுவும்போது டிஸ்க் முழுவதையும் எடுத்துக்கொள்ளும், சான்றளிக்கப்பட்ட மாடல்களின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஆதரவு முடியும் காலம் குறிக்கப்பட்டிருக்கும். இவற்றைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்டின், எடை குறைந்த டெஸ்க்டாப் கொண்ட எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைத்தான் நான் என் இயந்திரத்தில் வைத்திருக்கிறேன். மின்டின் 22ஆம் வரிசை, உபுண்டு என்ற மற்றொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடித்தளமாகக் கொண்டது. 2029 வரை ஆதரவு உண்டு. குறைந்தபட்சம் 2 ஜிபி ராம் என்று சொல்கிறார்கள், 4 ஜிபி இருந்தால் வசதியாக ஓடும். விண்டோஸ் 10 வெறுமனே திறந்து நிற்கும்போதே 4 ஜிபியில் ஏறத்தாழப் பாதியை எடுத்துக்கொண்ட அதே கணினியில், இது ஒரு ஜிபி அளவிலேயே நின்றது. பிரவுசரில் பத்து டேப் திறந்தால் எந்த இயங்குதளமும் திணறும் என்றாலும், மிச்சமிருக்கும் அந்த இடம்தான் திணறலைத் தள்ளிப்போடுகிறது.

இதைவிட நான் பெரிதாக மதிப்பது, நிறுவுவதற்கு முன்பே பென்டிரைவிலிருந்து முழு டெஸ்க்டாப்பையும் ஓட்டிப் பார்க்க முடிவதை. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் வேலை செய்கின்றனவா, மூடியை மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து ஒழுங்காக எழுகிறதா என்று நான்கையும் டிஸ்க்கைத் தொடாமலேயே சோதித்துவிடலாம். பிராட்காம் சிப் உள்ள பழைய மடிக்கணினிகளில் வைஃபை முதலில் தெரியாமல் போவது உண்டு. அப்போது கைபேசியை யுஎஸ்பி கேபிளால் இணைத்து டெதரிங் இயக்கினால் இணையம் கிடைக்கும், டிரைவர் மேனேஜரில் தேவையானதை நிறுவிக்கொள்ளலாம். தமிழ்99 விசைப்பலகையும் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாக வந்துவிடுகிறது.

இதன் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்ட கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையொப்ப டோக்கன், அடோபியின் மென்பொருள்கள் ஆகியவற்றை நம்பிப் பிழைப்பவருக்கு இது ஒத்துவராது. சிக்கலான வேர்ட் கோப்புகள் இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆஃபீஸில் இடம் பெயர்ந்து தெரிவதும் உண்டு. பழைய என்விடியா கார்டு இருந்தால், அந்நிறுவனமே கைவிட்ட டிரைவர்களால் தொல்லை வரலாம். இன்டெலின் உள்ளமைந்த கிராபிக்ஸில் அந்தச் சிக்கல் இல்லை. ராம் 2 ஜிபிதான் என்றால் மின்டுக்குப் பதிலாக இன்னும் எடை குறைந்த லினக்ஸ்களான லுபுண்டுவையோ ஆன்டிஎக்ஸையோ பார்க்கலாம். பல லினக்ஸ்களுக்கு அடித்தளமான டெபியனும் 13ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டதால், அவ்வளவு பழைய பிராசசர் என்றால் தேர்வுகள் மிகக் குறுகிவிடும்.

இவற்றில் எதை நிறுவினாலும் பூட் முறையை, அதாவது கணினி தொடங்கும் முறையை, முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். 2012ஐ ஒட்டிய கணினிகளில் லெகசி எனப்படும் பழைய முறை, யூஇஎஃப்ஐ எனப்படும் புதிய முறை இரண்டும் பெரும்பாலும் இருக்கும். பென்டிரைவ் எந்த முறையில் பூட் ஆகிறதோ அதற்கேற்பவே டிஸ்க்கின் பார்ட்டிஷன் அமைப்பும் இருந்தாக வேண்டும். விண்டோஸின் நிறுவல் நிரல், இந்த டிஸ்க்கில் நிறுவ முடியாது என்று ஜிபிடி அல்லது எம்பிஆர் என்ற பார்ட்டிஷன் அமைப்பின் பெயரைச் சொல்லி நிற்பது பெரும்பாலும் இதனால்தான். இயங்குதளத்துக்கு முன்பே தொடங்கும் அடிப்படை அமைப்பான பயாஸுக்குப் பாஸ்வேர்டு போடப்பட்டிருந்தால் இந்த அமைப்பை மாற்றவே முடியாது என்பதால், விற்பவர் எதிரில் இருக்கும்போதே பயாஸுக்குள் நுழைந்து பார்த்துவிடுவது நல்லது.

விண்டோஸ் மென்பொருள் ஒன்றுக்காக மட்டும் தயங்குபவர், எஸ்எஸ்டியில் மின்டை நிறுவிவிட்டு, கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 10ஐப் புதிதாக நிறுவி இணையத்தில் இணைக்காமல் வைத்துக்கொள்ளலாம். உரிமம் மதர்போர்டில் இருப்பதால், ஆக்டிவேட் ஆவதற்கு ஒருமுறை மட்டும் இணைத்தால் போதும். என் மடிக்கணினியின் பழைய டிஸ்க் இப்போது அப்படித்தான் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஸ்கேனர் தேவைப்படும் நாட்களில் மட்டும் அதை மாற்றிப் பொருத்துகிறேன்.